முதுகில் பவுடர் போட்டால் படுக்கைப் புண் வராதா?

"பேக் கேர் (முதுகுப் பராமரிப்பு) கொடுத்தாச்சு மேடம்." வார்டு போஸ்டிங் வரும் நர்சிங் பிள்ளைகளிடம் நான் அதிகம் கேட்கும் பதில் இதுதான். என்ன கொடுத்தாய் என்று கேட்டால், ஸ்பிரிட் தடவி, நன்றாகத் தேய்த்து, பவுடர் போட்டேன் என்பார்கள். சரி, நோயாளி இப்போது எந்தப் பக்கமாகப் படுத்திருக்கிறார்? காலையில் எப்படி மல்லாந்து கிடந்தாரோ, அப்படியேதான்.

இந்த வாரம் இன்னொரு பாட்டி வந்தார். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்து வீட்டில் படுத்திருந்தவர். காய்ச்சல் என்று கொண்டுவந்து சேர்த்தார்கள். ஒருக்களித்துப் பார்த்தால், பிட்டத்துக்குச் சற்று மேலே உள்ளங்கை அகலத்துக்குப் புண். உள்ளே எலும்பு தெரிகிறது. இரண்டு குதிகாலும் கறுத்துக் கிடக்கின்றன. "வாட்டர் பெட் வாங்கிப் போட்டோம் சிஸ்டர். தினமும் பவுடர் போட்டுத் தேய்ச்சுவிட்டோம். ஆஸ்பத்திரியில அப்படித்தானே சொல்லி அனுப்பினாங்க" என்று மகள் அழுகிறார். அவரை என்ன சொல்லித் திட்டுவது? சொன்னதை ஒன்றுவிடாமல் செய்திருக்கிறார். சொல்லி அனுப்பியது நம்மைப் போல யூனிஃபார்ம் போட்ட ஒருவர்.

அதனால் இந்தக் கட்டுரை முதலில் நர்சிங் படிக்கும் பிள்ளைகளுக்கு. வீட்டில் படுக்கையில் ஆள் இருப்பவர்களும் படிக்கலாம்.

படுக்கைப் புண் ஏன் வருகிறது என்று முதல் வருடத்திலேயே படித்துவிட்டீர்கள், அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஆனால் இந்தத் தேய்க்கிற விஷயத்தை மட்டும் விட மனமில்லை. எலும்பு துருத்தும் இடத்தில் தோல் சிவந்திருந்தால் அங்கே தேய்க்கக் கூடாது. பழைய செய்முறை நோட்டுகளில் இருந்திருக்கலாம், உங்கள் சீனியர் செய்து காட்டியிருக்கலாம், இருந்தாலும் கூடாது. "தேய்ச்சா ரத்த ஓட்டம் வருமே மேடம்" என்பீர்கள். ரத்தம் வராமல் போனதே மேலே உடம்பின் கனம் உட்கார்ந்திருப்பதால்தான். கனத்தை எடுத்தால் ரத்தம் தானாக வரும். எடுக்காமல் தேய்த்தால், எலும்புக்கும் தோலுக்கும் நடுவில் ஏற்கெனவே நைந்திருக்கும் சதையை நாமே இன்னும் நசுக்குகிறோம். ஸ்பிரிட் தோலை வறட்டிவிடும். பவுடர் வியர்வையோடும் சிறுநீரோடும் குழைந்து மடிப்புகளில் கட்டியாகி உறுத்தும். வறண்ட தோலுக்கு மாய்ஸ்சரைசரோ தேங்காய் எண்ணெயோ மெல்லத் தடவுவது வேறு. மோஷன், யூரின் படும் இடத்தில் துடைத்து ஒற்றி எடுத்துவிட்டு ஜிங்க் ஆக்சைடு கிரீம் பூசுவதும் வேறு. அவை தோலை ஈரத்திலிருந்து காக்கும். அழுத்தத்திலிருந்து காக்க ஒரு டியூபிலும் மருந்து கிடையாது.

வாட்டர் பெட்டும் இதே கதைதான். அது அழுத்தத்தைக் கொஞ்சம் பரப்பிவிடும், அவ்வளவே. அதில் படுத்தவரையும் திருப்பித்தான் ஆக வேண்டும். பம்ப் வைத்த காற்று மெத்தையான ஆல்ஃபா பெட் இன்னும் நல்லது, மறுக்கவில்லை. ஆனால் நம் வார்டுகளில் அது எப்படி இருக்கிறது என்று கொஞ்சம் போய்ப் பாருங்கள். மேலே ரப்பர் ஷீட், அதன் மேல் இரண்டாக மடித்த பெட்ஷீட், அதன் மேல் இடுப்புக்கு நேராகக் குறுக்கே விரிக்கும் ஒரு டிரா ஷீட், அதற்கும் மேல் வீட்டிலிருந்து வந்த போர்வை. இவ்வளவையும் தாண்டிக் காற்று மெத்தை என்ன வேலை செய்யும்? பாதி நேரம் போன் சார்ஜ் போட பம்ப்பின் பிளக்கைப் பிடுங்கி வைத்திருப்பார்கள். டியூட்டிக்கு வந்ததும் மெத்தைக்கு அடியில், நோயாளியின் இடுப்புக்கு நேராக, உள்ளங்கை மேலே பார்க்கக் கையைவிட்டுப் பாருங்கள். நடுவில் ஒரு அங்குலம்கூடக் காற்று இல்லையென்றால் அவர் கட்டில் பலகையில் படுத்திருப்பதாகத்தான் அர்த்தம்.

நடுவில் ஓட்டை வைத்த ரப்பர் வளையம் வேண்டாம். ஓட்டையைச் சுற்றி வட்டமாக அழுத்தி, நடுச் சதைக்கு ரத்தம் போகவிடாமல் செய்துவிடும். கிளவுஸில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு அடியில் வைக்கும் சாமர்த்தியமும் வேண்டாம்.

அடுத்து, பாடப் புத்தகப் படம். படுக்கைப் புண்ணின் முதல் நிலை என்று ஒரு படம் இருக்கும், வெள்ளைத் தோலில் சிவப்புத் திட்டு. நம் பாட்டி தாத்தாக்களின் தோலில் அந்தச் சிவப்பைத் தேடினால் கிடைக்காது. "ரெட்னஸ் இல்லை" என்று நீங்கள் கேஸ் ஷீட்டில் எழுதும்போது உள்ளே சதை அழுகத் தொடங்கியிருக்கும். கறுத்த தோலில் கண்ணைவிடக் கையை நம்புங்கள். புறங்கையை அந்த இடத்தில் வைத்து, பிறகு பக்கத்துத் தோலில் வையுங்கள். சூடாக இருக்கிறதா, குளிர்ந்திருக்கிறதா? விரலால் தொட்டால் கெட்டியாக, அல்லது மாவு போலத் தொளதொளவென்று இருக்கிறதா? சுற்றியுள்ள நிறத்தைவிட அடர்ந்து, ஊதாவோ நீலமோ கலந்து தெரிகிறதா? தொட்டதும் முகம் சுளிக்கிறாரா? சிவப்புத் தெரியும் தோலாக இருந்தால் விரலால் மூன்று நொடி அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பினால் தப்பித்தோம். வெளுக்கவே இல்லையென்றால் அதுதான் முதல் நிலை. தோல் கிழியவில்லையே என்று சும்மா இருக்காதீர்கள்.

எங்கெல்லாம் பார்ப்பது? வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, குதிகால், கணுக்கால், முழங்கை, தோள்பட்டை என்று ஒப்பிப்பீர்கள். பின்மண்டையைச் சொல்ல மாட்டீர்கள், காதையும் சொல்ல மாட்டீர்கள். மயக்கத்தில் இருக்கும் பெண்களின் கொண்டையை அவிழ்த்து, ஹேர்பின்னை எடுத்து, பக்கவாட்டில் தளர்வாகப் பின்னிவிடுங்கள். அரைஞாண் கயிற்றில் தாயத்து இருக்கிறதா பாருங்கள். அது முதுகுக்கு அடியில் போய் உட்கார்ந்து அச்சு பதித்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். கயிற்றை வீட்டாரைக் கேட்காமல் வெட்டாதீர்கள். தாயத்தை வயிற்றுப் பக்கம் திருப்பி வைத்தாலே போதும், அவர்கள் மனமும் நோகாது. யூரின் டியூப் தொடைக்கு அடியில் ஓடக் கூடாது. ஆக்சிஜன் டியூப் காதின் பின்புறத்தையும், மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவு செலுத்தும் ரைல்ஸ் டியூப் மூக்கு ஓரத்தையும் அறுக்கும். அப்புறம், ஊசி மூடி! ஊசி போட்டுவிட்டு மூடியைப் படுக்கையில் விட்டுப் போகும் புண்ணியவான்கள் எல்லா வார்டிலும் இருக்கிறார்கள்.

சரி, திருப்புவது. தானாகப் புரள முடியாதவருக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, தோல் நிலையைப் பார்த்துத் தேவைப்பட்டால் அதற்கும் முன்பே. நேர் பக்கவாட்டில் முழுக்கச் சாய்த்தால் இடுப்பு எலும்பு மெத்தையில் குத்தும். 30 டிகிரி மட்டும் சாய்த்து, முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று. குதிகால் மெத்தையைத் தொடவே கூடாது. கெண்டைக்கால் முழுவதையும் தாங்கும்படி தலையணையை நீளவாக்கில் வைத்து, குதிகால் அந்தரத்தில் இருக்கட்டும். வைத்தபின் அடியில் ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள், தடையில்லாமல் போக வேண்டும்.

இழுக்காதீர்கள், தூக்குங்கள். டிரா ஷீட்டைப் பிடித்து இரண்டு பேராகத் தூக்கினால் நோயாளிக்கும் நல்லது, உங்கள் இடுப்புக்கும் நல்லது. பக்கவாதம் வந்தவரை அந்தக் கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு இறங்கிவிடும். பெட் பேனைச் செருகி உருவுவதும் இழுப்பதில்தான் சேரும்.

தலைப் பக்கத்தை உயர்த்திவைத்தால் உடம்பு கீழே சறுக்கும். எலும்பு இறங்கும், தோல் ஷீட்டோடு ஒட்டி நிற்கும், நடுவில் உள்ள ரத்தக் குழாய்கள் இழுபடும். அதனால் 30 டிகிரிக்கு மேல் தேவையில்லாமல் உயர்த்தக் கூடாது. ஆனால் ரைல்ஸ் டியூபில் ஃபீட் கொடுக்கும்போதும், முடிந்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரையிலும் தலை உயர்ந்தே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நுரையீரலுக்குள் போய்விடும். எனவே வரிசையை மாற்றாதீர்கள். முதலில் திருப்பி, சுத்தம் செய்து, ஷீட்டைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு, முழங்கால் பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, பிறகு தலையை உயர்த்தி ஃபீட் கொடுங்கள். கழுத்து, முதுகெலும்பு, இடுப்பு அடிபட்டவர்களை டாக்டரைக் கேட்காமல் உங்கள் இஷ்டத்துக்குத் திருப்பக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

படுக்கைப் புண் வரும் ஆபத்தை மதிப்பெண் போட்டு அளக்கும் பிரேடன் ஸ்கேல் பரீட்சைக்கு மட்டும் உரியதில்லை. 1987-இல் வெளியான ஆறு கேள்விகள், மொத்தம் 6 முதல் 23 வரை மதிப்பெண். 18-க்குக் கீழோ 18-ஆகவோ வந்தால் ஆபத்து. அட்மிஷன் அன்று போட்ட மதிப்பெண்ணை டிஸ்சார்ஜ் வரை காப்பி அடிக்காதீர்கள். ஆபரேஷன் ஆனால், காய்ச்சல் வந்தால், நினைவு தப்பினால் மறுபடி போடுங்கள்.

நைட் டியூட்டி சார்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்து மணி வலது, பன்னிரண்டு மணி மல்லாந்து, இரண்டு மணி இடது, எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு, காலை ஆறு மணிக்கு ஒரே மூச்சில் எழுதியது. எனக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? நாற்பது பேருக்கு ஒரு ஸ்டாஃப் இருக்கும் வார்டில் எல்லோரையும் திருப்ப முடியாதுதான். ஆள் பற்றாக்குறை உண்மை, அதற்காக மேலே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். திருப்ப முடியவில்லையென்றால் முடியவில்லை என்றே எழுதுங்கள். பொய்யாக நிரப்பிய சார்ட் இருந்தால், ஆள் போதவில்லை என்று நாளைக்கு யாரும் நம்ப மாட்டார்கள்.

சாப்பாட்டில் ஒரு தொல்லை. "புண் இருக்கு, முட்டை கொடுத்தால் சீழ் வைக்கும்" என்று வெறும் கஞ்சியும் ரொட்டியும் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். புரதம் இல்லாமல் புண் எப்படி ஆறும்? இப்படிப்பட்டவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் வரை தினமும் புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, பால், எது ஒத்துக்கொள்ளுமோ அது. கிட்னி பிரச்சினை இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேளுங்கள்.

புண் வந்தேவிட்டதென்றால் மஞ்சள், காப்பித்தூள், ஹைட்ரஜன் பெராக்சைடு எதையும் கொட்டாதீர்கள். நார்மல் சலைனில் (மருத்துவ உப்பு நீர்) கழுவி, மூடி, டாக்டரிடம் காட்டுங்கள். குதிகாலில் காய்ந்து கறுத்து இறுகிய தோல் இருந்தால், சுற்றிலும் சிவப்போ கசிவோ இல்லாதவரை அதைப் பிய்க்காதீர்கள். இப்போதைக்கு அதுதான் மூடி. நாற்றம், காய்ச்சல், சீழ், புதுக் குழப்பமான பேச்சு இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கடைசியாக, டிஸ்சார்ஜ் அன்று. வாயால் சொல்லிவிட்டுக் கிளம்பாதீர்கள் பிள்ளைகளே, கெஞ்சிக் கேட்கிறேன். மகளோ மருமகளோ யார் பார்த்துக்கொள்ளப் போகிறாரோ, அவரை உங்கள் எதிரிலேயே ஒருமுறை திருப்பச் சொல்லுங்கள். தலையணை வைக்கச் சொல்லுங்கள். குதிகாலைத் தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். அவருடைய போனிலேயே இரண்டு மணி நேரத்துக்கு அலாரம் வைத்துக்கொடுங்கள். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்சும் பிசியோதெரபிஸ்டும் இருக்கிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேரைப் பதிந்துகொள்ளச் சொல்லி, டிஸ்சார்ஜ் சம்மரியின் ஓரத்தில் அதைத் தமிழில் எழுதிக் கொடுங்கள்.