முதுகில் விழுந்த எக்ஸ்

ஏப்ரல் பிறந்தால் போதும், என் கிளினிக்குக்குள் நீச்சல் குளத்து வாடை வந்துவிடும். பெங்களூரில் சம்மர் கேம்ப் காலம். போன வாரம் மட்டும் நாலு பிள்ளைகள். நாலாவதாக வந்தவள் பதினொரு வயதுப் பெண். வேலூர்க் குடும்பம், சி.வி. ராமன் நகர்ப் பக்கம் அபார்ட்மென்ட். அம்மா உட்காரும்போதே தீர்ப்பையும் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

"எல்லாம் அந்தக் குளோரின் தண்ணி டாக்டர். ரெண்டே வாரத்துல எப்படிக் கறுத்துட்டா பாருங்க. குளோரின் எடுக்குற சோப்பு, ஷாம்பு எல்லாம் வாங்கிப் போட்டாச்சு. ஒண்ணும் கேக்கல."

பிள்ளையைத் திரும்பி நிற்கச் சொன்னேன். முதுகில் பெரிதாக ஒரு எக்ஸ். பின்னால் குறுக்குப் பட்டை வைத்த காஸ்ட்யூம். பட்டை இருந்த இடம் மட்டும் பழைய நிறம். சுற்றிலும் கறுப்பு. தோள்பட்டையில் தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்துகொண்டிருந்தது.

"ஏம்மா, குளோரின் தண்ணி காஸ்ட்யூமுக்குள்ள போகாதா?"

அம்மா பதில் சொல்லவில்லை. பெண் சிரித்துவிட்டாள்.

இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. இருந்தாலும் இன்னொரு முறை. குளத்துத் தண்ணீர் பட்டைக்கு அடியிலும் போகிறது, வயிற்றிலும் படுகிறது, தொடையிலும் படுகிறது. கறுக்க வைப்பது குளோரின் என்றால் பிள்ளை உச்சி முதல் பாதம் வரை ஒரே சீராகக் கறுத்திருக்க வேண்டும். துணியின் ஓரத்தில் ஸ்கேல் வைத்து வரைந்த மாதிரி கோடு ஏன் விழுகிறது? தண்ணீருக்குத் துணி ஓரம் தெரியாது, வெயிலுக்குத்தான் தெரியும். கூரை போட்ட குளத்தில் வருஷம் முழுக்க நீந்துகிறவர்கள் என்னிடம் வருவதுண்டு. தோல் வறண்டிருக்கும், முடி தேங்காய் நார் மாதிரி ஆகியிருக்கும், எக்ஸிமா என்ற தோல் அரிப்பு இருந்தால் எரிச்சல் கூடியிருக்கும். அதெல்லாம் குளோரின் வேலைதான். கறுப்பு அதன் வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை பட்ட வெயிலுக்குச் செவ்வாய், புதன் வாக்கில்தான் நிறம் நன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். அதனால்தான் வெயில்மேல் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை.

இன்னொரு சமாதானம்: "இங்க என்ன டாக்டர் வெயில், சென்னையா இது?" சென்னையும் பெங்களூரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை, 13 டிகிரி. ஏப்ரல் 24, 25 வாக்கில் நண்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கிறது. நிழலே விழாத நாள். போதாததற்கு இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால், வெயிலில் தோலைக் கறுக்க வைக்கும் புற ஊதாக் கதிர் பத்து சதவீதத்துக்கு மேல் கூடும். காற்று ஜில்லென்று இருப்பதால் சுடுவது தெரிவதில்லை, அவ்வளவுதான். சரியாக அந்த மாதத்தில், பத்தரை மணி பேட்ச்சில், திறந்தவெளிக் குளத்தில் பிள்ளையை இறக்குகிறோம். தண்ணீருக்குள் இருந்தால் தப்பிக்கலாம் என்பதும் இல்லை. அரை மீட்டர் ஆழத்தில்கூட, மேலே இருக்கும் புற ஊதாவில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் வந்து சேர்கிறது.

இனி துணிக்கு வருகிறேன். அந்தப் பெண்ணின் தம்பிக்கு எட்டு வயது. அவனும் கூடவே வந்திருந்தான். "இவனுக்கு மட்டும் நான் ஜாக்கிரதையா வெள்ளை காட்டன் டி-ஷர்ட் போட்டுத்தான் டாக்டர் தண்ணில விடுறேன்" என்றார் அம்மா. சட்டையைக் கழற்றிப் பார்த்தால் தோளில் அவனுக்கும் கறுப்பு. அக்காவை விடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவே.

வெள்ளைக் காட்டன் வெக்கைக்கு நல்லது, புற ஊதாவுக்கு இல்லை. சன்ஸ்கிரீனுக்கு எஸ்.பி.எஃப். மாதிரி துணிக்கு யு.பி.எஃப். என்று ஒரு கணக்கு உண்டு. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1996-ல் முதலில் தர நிர்ணயம் கொண்டுவந்தன. யு.பி.எஃப். 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்குதான் உள்ளே போகும். சாதாரண வெள்ளை டி-ஷர்ட் காய்ந்திருக்கும்போது 7-ஐத் தொட்டால் பெரிய விஷயம். நனைந்தால் 3. அதாவது மூன்றில் ஒரு பங்கு வெயில் நேராகத் தோலுக்கு. நனைந்த வெள்ளைச் சட்டைக்குள் உடம்பு தெரிகிறது இல்லையா, வெயிலுக்கும் அதே வழிதான்.

பாலியெஸ்டர் நனைந்தாலும் பெரிதாக மாறாது. அதன் மூலக்கூறிலேயே இருக்கும் பென்சீன் வளையம் புற ஊதாவை, முக்கியமாகத் தோலைச் சுடும் யு.வி.பி.யை, விழுங்கிவிடும். நைலானுக்கு அந்தக் குணம் குறைவு. ஆனாலும் நெருக்கிப் பின்னி, அடர் நிறம் ஏற்றியிருந்தால் நன்றாகவே காக்கும். நீச்சலுடைகளில் கூடவே சேர்ப்பது லைக்ரா என்ற இழுபடும் இழை. நெசவை இறுக்கிப் பிடிப்பது அதுதான், முதலில் செத்துப்போவதும் அதுதான். இங்கேதான் குளோரினுக்கு உண்மையான பங்கு இருக்கிறது. அது பிள்ளையைக் கறுக்க வைக்காது, காஸ்ட்யூமைத் தின்னும். பின்பக்கம் தொளதொளவென்று ஆகி, இழை விலகி, சல்லடையாகிவிடும்.

போன வருஷத்துக் காஸ்ட்யூமையே "எப்படியோ ஏத்திட்டோம்" என்பவர்களுக்கும் சொல்கிறேன். துணி இழுபட்டால் கண்ணிகள் விரியும், யு.பி.எஃப். இறங்கும். உடம்பில் போட்டால் எவ்வளவு இழுபடுமோ அவ்வளவு இழுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அந்தப் பக்கம் தெரிகிறதா? தூக்கிப் போடுங்கள். பெண்களுக்கு ஒரு வார்த்தை: மெஷ் வைத்தது, பின்னல் வேலை செய்தது எல்லாம் போட்டோவுக்கு அழகு, வெயிலுக்குத் திறந்த கதவு. துணிக்கு அடியிலும் நிறம் ஏற வேண்டும் என்றே நுண்துளை விட்டு நெய்யும் நீச்சலுடைகளும் உண்டு. டிசைன் பிடித்துப்போய் ஆன்லைனில் அதை வாங்கிக் கோவாவுக்குப் போட்டுப் போன ஒரு பெண், கோடே விழாமல் முதுகு முழுக்க எரிந்து வந்தாள்.

வாங்குவதென்றால் முழங்கைக்கும் முழங்காலுக்கும் கீழே வருகிற, கழுத்து மூடிய, அடர் நிறப் பாலியெஸ்டர் கலந்த உடை. யு.பி.எஃப். 50 என்று லேபிளில் இருந்தால் உத்தமம். காது, பிடரி, பாதத்தின் மேல்புறம் என்று துணி மூடாத இடத்துக்கு மட்டும் தண்ணீரில் கரையாத சன்ஸ்கிரீன், இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பு. கரையேறித் துவட்டியதும் மறுபடியும். ஒரு டியூப் சம்மர் முழுக்க வந்தால் நீங்கள் பூசவில்லை, தொட்டு வைத்திருக்கிறீர்கள். முடிந்தால் காலை ஏழு மணி பேட்ச்சுக்கு மாற்றுங்கள். கோச் முறைப்பார், முறைக்கட்டும்.

தயவுசெய்து, கையெடுத்துக் கேட்கிறேன், கறுத்த தோலை வெளுக்க மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு க்ரீமைப் பிள்ளை முகத்தில் தடவாதீர்கள். இந்தக் கறுப்பு ஒரு நோயே இல்லை. வெயில் குறைந்தால் சில வாரங்களில், சில மாதங்களில் தானே இறங்கும். அந்த க்ரீம் விட்டுப்போகும் தழும்பும் முடியும் இறங்க வருஷக் கணக்காகும்.

நேற்று அந்த அம்மாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ. கருநீல முழுக்கை உடை, இரண்டு சைஸ். "டார்க் கலர் சூடு இழுக்காதா டாக்டர்?"

தண்ணிக்குள்ள என்னம்மா சூடு, வாங்குங்க என்று பதில் போட்டேன். பேட்ச் மாற்றினார்களா என்று கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.