லேசா விழுந்ததுக்கே எலும்பு உடைஞ்சுதா? மண்ணீரலையும் பாருங்க

முப்பது நாப்பது வயசுல நடக்கும்போது கால் தடுக்கி விழுந்ததுக்கே தொடை எலும்பு உடைஞ்சு ஒருத்தர் வந்தா, ஆபரேஷன் பண்ணி அனுப்புறதோட எலும்பு டாக்டர்களான எங்க வேலை முடிஞ்சுடாதுங்க, ஏன்னா அந்த வயசுல அவ்ளோ லேசான அடிக்கெல்லாம் எலும்பு உடையவே கூடாது. விட்டமின் டி குறைவு, நாள்பட சாப்பிட்ட ஸ்டீராய்டு, தைராய்டுன்னு எல்லாம் தேடுவோம். அந்த லிஸ்ட்ல கௌச்சர் நோய் பேரு பெரும்பாலும் வர்றதே இல்ல, அதுதான் எனக்கு மனசுக்கு கஷ்டமா இருக்கு.

இது அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் பழுதான ஜீன் வந்தா வர்ற நோய். ஒரு வகை கொழுப்பை உடைக்கிற என்சைம் உடம்புல குறைவா இருக்கும், அதனால அந்தக் கொழுப்பு மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜைன்னு போய் சேந்துக்கிட்டே இருக்கும். மஜ்ஜைல சேர சேர எலும்பு உள்ள இருந்தே மெலியும், ரத்த ஓட்டம் தடைபட்டு இடுப்பு மூட்டு பந்து செத்துப்போகும், முதுகெலும்பு நசுங்கும். குழந்தைங்க நோய்னு நெனச்சிடாதீங்க, இந்த நோயோட வகைகள்ல முதல் வகை (டைப் 1) எந்த வயசுலயும் வெளிய தெரியலாம்.

எக்ஸ்ரேல முட்டிக்கு மேல தொடை எலும்பு உள்வாங்காம அகலமா, குடுவை மாதிரி விரிஞ்சிருக்கும். கூடவே பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவுற அணுக்கள்) கம்மி, ரத்த சோகை, வயித்துல இடது பக்கம் கை வெச்சா தட்டுப்படுற மண்ணீரல். இதெல்லாம் தனித்தனியா தனித்தனி டாக்டர்கிட்ட போகுது, ஒருத்தர் பிளேட்லெட்டுக்கு பாக்குறார், ஒருத்தர் மூட்டுக்கு பாக்குறார், சேத்து வெச்சுப் பாக்க ஆள் இல்ல. தயவுசெஞ்சு பழைய ரிப்போர்ட் எல்லாத்தையும் எலும்பு டாக்டர்கிட்டயும் காட்டுங்க.

ஆபரேஷனுக்கு முன்னாடியே இது தெரியணும். பிளேட்லெட் எண்ணிக்கை ஓரளவு இருந்தாலும் அது சரியா வேலை செய்யாம ரத்தம் நிக்காம போகலாம். இன்னொன்னு, இந்த நோய்ல திடீர்னு காய்ச்சலோட எலும்புல தாங்க முடியாத வலி வரும், பாக்க அப்படியே சீழ் புடிச்ச மாதிரியே இருக்கும், ஆனா சீழ் இருக்காது, அவசரப்பட்டு எலும்பைத் திறந்தா அப்பதான் நிஜமான கிருமி உள்ள போயிடும். ஆரம்பத்துல எக்ஸ்ரே நார்மலா கூட இருக்கலாம், எம்ஆர்ஐ எடுத்தாதான் தெரியும். மண்ணீரலை எடுத்துட்டா சரியாயிடும்னும் யாராவது சொல்வாங்க, எடுத்தவங்களுக்கு எலும்பு பிரச்சனை அதிகமா வர்றதைதான் பாக்குறோம்.

கண்டுபிடிக்க ரத்தத்துல அந்த என்சைம் அளவு பாத்தா போதும், அப்புறம் ஜீன் டெஸ்ட். பல பேருக்கு மஜ்ஜை பயாப்சியே (ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துப் பாக்குறது) தேவைப்படாது. 1991ல இருந்தே என்சைம் மருந்து இருக்கு, ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை டிரிப்ல ஏத்துவாங்க, பெரியவங்க சிலருக்கு மாத்திரையும் உண்டு. மண்ணீரல் சீக்கிரம் சுருங்கும், எலும்பு தேற வருஷக்கணக்கா ஆகும், ஏற்கனவே செத்த மூட்டு திரும்பாது.

வீட்ல ஒருத்தருக்கு உறுதியானா கூடப் பொறந்தவங்களுக்கும் டெஸ்ட் பண்ணுங்க, ஒவ்வொருத்தருக்கும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு இருக்கு, வலியே இல்லேன்னாலும் பண்ணுங்க.