ஃபாசில்: புதைபடிவமா, உயிர்ச்சுவடா, தொல்லெச்சமா?

பழங்கால உயிர்கள் பாறையில் விட்டுப்போன மிச்சத்தைக் குறிக்கும் ஃபாசில் என்ற ஒரு சொல்லுக்குத் தமிழில் நான்கைந்து சொற்கள் புழக்கத்தில் இருக்கின்றன. புதைபடிவம், புதைபடிமம், தொல்லுயிர் எச்சம், தொல்லெச்சம், அப்புறம் இலங்கைத் தமிழில் உயிர்ச்சுவடு. நிலக்கரி, பெட்ரோல் பற்றிய பேச்சு வந்தால் தமிழ்நாட்டில் ‘புதைபடிவ எரிபொருள்’ என்று எழுதுவார்கள். இலங்கையில் ‘சுவட்டு எரிபொருள்’ என்று எழுதுவார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று தெரியாமல் கொஞ்ச காலம் குழம்பிக் கிடந்தவர்களில் நானும் ஒருவன். இவற்றில் எது சரி என்று பார்க்கப் போனால், ஒவ்வொரு சொல்லும் விஷயத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்து வைத்திருப்பது தெரிகிறது.

முதலில் மூலச் சொல். லத்தீனில் ‘ஃபோடெரே’ என்றால் தோண்டுவது. அதிலிருந்து பிறந்த ‘ஃபோசிலிஸ்’ என்பதற்கு ‘தோண்டி எடுக்கப்பட்டது’ என்று பொருள், அவ்வளவுதான். உயிர் என்ற பேச்சே அதில் கிடையாது. ஜெர்மனியைச் சேர்ந்த கியோர்கியுஸ் அக்ரிகோலா 1546-இல் ஃபோசில்களின் இயல்பைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் பெரும்பகுதி கனிமங்களும் மணிக்கற்களும் உப்புகளும்தான். மண்ணுக்குள்ளிருந்து எது வந்தாலும் அன்று அது ஃபோசில். சங்கு போன்ற கல்லும் மீன் போன்ற கல்லும் அந்தக் கூட்டத்தில் ஓர் ஓரமாக இருந்தன. கல்லே தன்போக்கில் இப்படி உருவங்களைச் செய்துகொள்கிறது என்று நம்பியவர்களும் இருந்தார்கள்.

அந்த நம்பிக்கையை அசைத்தவர்களில் முக்கியமானவர் நிக்கோலஸ் ஸ்டெனோ. 1666-இல் இத்தாலியில் பிடிபட்ட ஒரு பெரிய சுறாவின் தலை, அறுத்துப் பார்ப்பதற்காக அவரிடம் வந்தது. பாறைகளில் கிடைக்கும் முக்கோணக் கற்களை அந்தக் காலத்தில் ‘நாக்குக் கற்கள்’ என்று அழைத்தார்கள்; பாம்பின் நாக்கு கல்லாகிவிட்டது என்றுகூடக் கதை இருந்தது. சுறாவின் பற்களும் அந்தக் கற்களும் அச்சில் வார்த்ததுபோல் ஒத்திருப்பதை ஸ்டெனோ எடுத்துக்காட்டினார். இப்படிப் பல கைகள் பட்டுப் பட்டுத்தான் ஃபோசில் என்ற சொல், தோண்டி எடுத்த எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பழைய உயிர்களின் மிச்சம் என்ற இன்றைய பொருளுக்கு மெல்லச் சுருங்கியது. அந்தப் படிப்புக்கு ‘தொல்லுயிரியல்’ என்று நாம் சொல்லும் பெயரின் பிரெஞ்சு வடிவம் 1822-இல்தான் உருவானது.

சரி, தமிழுக்கு வருவோம். புதைபடிவம் நல்ல சொல். லத்தீன் சொல் தோண்டுகிறவரின் பக்கமிருந்து பார்க்கிறது. தமிழ்ச் சொல் புதைந்த பொருளின் பக்கமிருந்து பார்க்கிறது. ‘படிவம்’ என்றால் உருவம். படிதல் என்றால் சேறும் மணலும் நீரின் அடியில் தங்குவது. இரண்டு பொருளுமே இங்கே பொருந்துகின்றன. ஒரு விலங்கு செத்த இடத்தில் வண்டல் சீக்கிரம் மூடினால்தான் எலும்பும் ஓடும் தப்பும். பிறகு நிலத்தடி நீரில் கரைந்த கனிமங்கள் எலும்பின் நுண்துளைகளில் படியும். சில சமயம் ஓடு முழுக்கக் கரைந்துபோய் அதன் வடிவத்தில் வெற்றுக்குழி மட்டும் பாறையில் நிற்கும். அந்தக் குழியில் வேறு கனிமம் நிரம்பினால் வார்ப்பு போன்ற ஒன்று கிடைக்கும். உடலின் ஒரு துளிகூட இல்லாமல் உருவம் மட்டும் மிஞ்சும் அந்த நிலைக்குப் ‘படிவம்’ கச்சிதமான பெயர். விண்ணப்பப் படிவத்தை நினைத்துக்கொண்டு சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது ஊறுகாய், சுடுகாடு போல ஒரு வினைத்தொகை. புதைந்த படிவம், புதைகின்ற படிவம், புதையும் படிவம் என மூன்று காலமும் உள்ளே ஒளிந்திருக்கும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் ‘புதைப்படிவம்’ என்று எழுதுவது பிழை. இன்னொரு குழப்பம் புதைபொருள். பழைய பானையும் காசும் கட்டடமும் புதைபொருள். அது தொல்லியலாளர் வேலை. விலங்கும் செடியும் புதைபடிவம். அது தொல்லுயிரியலாளர் வேலை. டைனோசரைத் தோண்டுகிறவரைத் தொல்லியலாளர் என்று எழுதினால் இரண்டு தரப்புக்கும் கோபம் வரும்.

அடுத்தது எச்சம். எனக்கு மிகவும் பிடித்த சொல் இதுதான். மிஞ்சியது என்று ஒரு பொருள், சந்ததி என்று ஒரு பொருள், பறவை போட்டுவிட்டுப் போவது என்று ஒரு பொருள். தொல்லுயிர் எச்சம் என்று சொல்லும்போது மூன்றாவது பொருளை நினைக்கக் கூடாது என்று சொல்ல வருவேன் என்று நினைத்தால், தவறு. நினைக்கத்தான் வேண்டும். இங்கிலாந்தில் லைம் ரெஜிஸ் கடற்கரைப் பாறைகளில் மேரி ஆனிங் என்ற பெண், இக்தியோசர் என்ற பழங்காலக் கடல் ஊர்வனவற்றின் எலும்புக்கூடுகளைத் தோண்டி எடுத்தபோது, அவற்றின் வயிற்றுப் பகுதியில் விசித்திரமான கற்கள் இருப்பதைக் கவனித்தார். உடைத்தால் உள்ளே மீன் எலும்பும் செதிலும். புவியியலாளர் வில்லியம் பக்லேண்ட் 1829-இல் அவற்றுக்குக் ‘கோப்ரோலைட்’ என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் கோப்ரோஸ் என்றால் சாணம், லித்தோஸ் என்றால் கல். தமிழில் ‘எச்சக்கல்’ என்று சொல்லலாம் என்பது என் கட்சி. எலும்புக்கூடு ஒரு விலங்கிடம் எப்படிப்பட்ட பல் இருந்தது என்று சொல்லும். உண்மையில் அது எதைத் தின்றது என்று எச்சக்கல்தான் சொல்லும். கனடாவின் சஸ்காட்செவனில் கிடைத்து 1998-இல் விவரிக்கப்பட்ட ஒன்று 44 சென்டிமீட்டர் நீளம். பெரும்பாலும் டைரனோசர் போட்டது. உள்ளே நொறுங்கிய எலும்புத் துண்டுகள் நிறைய. அந்த விலங்கு இரையின் எலும்பை ஒதுக்காமல் கடித்து நொறுக்கியே விழுங்கியிருக்கிறது.

எச்சத்துக்கு நான்காவதாக ஒரு பொருளும் உண்டு. பள்ளியில் இலக்கணப் பாடத்தில் படித்த பெயரெச்சம். ‘நடந்த’, ‘தோண்டிய’, ‘கடித்த’ என்று நிற்கும் சொல் யார், எது என்று ஒரு பெயருக்காகக் காத்திருக்கும். புதைபடிவங்களில் ஒரு பகுதி இந்த வகைதான். எலும்பு, பல், ஓடு எல்லாம் பெயர். அவற்றில் வினை கிடையாது. காலடித் தடம், வளை, ஊர்ந்த கோடு, கடித்த தழும்பு, எச்சக்கல் இவையெல்லாம் பெயரெச்சம். வினை நன்றாகத் தெரியும், செய்தது யார் என்பது தெரியாது. இந்த இரண்டாவது வகைக்கு ‘இக்னோஃபாசில்’ என்று பெயர். இக்னோஸ் என்றால் கிரேக்கத்தில் அடிச்சுவடு.

தமிழில் இதற்குத் தடம், தடயம், சுவடு என்று மூன்று போட்டியாளர்கள். தடம் என்றால் பாதை, வழித்தடம் என்றும் பொருள். ஒரு புழுவின் வளையைத் தடம் என்பது கொஞ்சம் இடிக்கிறது. தடயம் காவல் துறைச் சொல்லாகிவிட்டது. எலும்பும் ஒரு தடயம்தானே என்று கேட்டால் பதில் இல்லை. சுவடு இரண்டையும்விடப் பொருத்தம். ‘யாதும் சுவடு படாமல்’ என்று அப்பர் தேவாரத்திலேயே வருகிறது. நடந்ததற்கான அடையாளம் ஏதும் விழாமல் என்று பொருள். ஆகவே சுவட்டுப் புதைபடிவம். இலங்கை வழக்கில் உயிர்ச்சுவடு என்பதே எல்லா ஃபாசிலுக்கும் பொதுப்பெயர் என்பதால் அங்கே இந்தப் பிரிவைக் காட்டுவது சற்றுச் சிரமம்தான். பொதுவானதற்குப் புதைபடிவம், அதற்குள் உடற்படிவம், சுவட்டுப் படிவம் என்று பிரித்துக்கொண்டால் சண்டை இல்லை.

பெயரெச்சத்துக்குத் தவறான பெயரைச் சேர்த்து மாட்டிக்கொண்டவர்கள் பலர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் சிவப்பு மணற்பாறைகளில் மூன்று விரல் தடங்கள் ஏராளம். 1802-இல் உழும்போது ஒரு பையன் கண்ட தடத்தை, பைபிளின் வெள்ளக் கதையை நினைத்து ‘நோவாவின் அண்டங்காக்கை’ என்று அழைத்தார்கள். பிறகு எட்வர்ட் ஹிட்ச்காக் என்ற பேராசிரியர் அவற்றை முறையாகச் சேகரித்து, இவை ராட்சதப் பறவைகளின் தடங்கள் என்று 1836-இல் எழுதினார். அவை டைனோசர் தடங்கள் என்பது பின்னால் தெரிந்தது. டைனோசர் கிளையிலிருந்துதான் பறவைகள் வந்தன என்பது அதற்கும் பின்னால் தெரிந்தது. ஹிட்ச்காக்கைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு கூட்டம் பாறையில் தெரிந்த கிளைவிட்ட கோடுகளைக் கடற்பாசி என்று நினைத்து, கடற்பாசியைக் குறிக்கும் ‘ஃபைகஸ்’ என்ற ஈற்றோடு பெயர் வைத்தது. சுவீடனைச் சேர்ந்த ஆல்ஃபிரட் நாதோர்ஸ்ட் 1881-இல், உயிருள்ள சிறு விலங்குகள் சேற்றில் போடும் கோடுகளோடு ஒப்பிட்டு, இவற்றில் பல செடியே அல்ல, ஊர்ந்த சுவடுகள் என்று காட்டினார். ஆனாலும் வைத்த பெயர் போகவில்லை. டிரைலோபைட் என்ற கடல் கணுக்காலி சேற்றில் பதுங்கிக் கிடந்த பள்ளத்தின் பெயர் இன்றும் ‘ருசோஃபைகஸ்’. அதே விலங்கு மண்ணைக் கிளறிக்கொண்டே நகர்ந்தால் அந்தச் சுவட்டின் பெயர் ‘க்ரூசியானா’. விலங்குக்கு ஒரு பெயர், படுத்த இடத்துக்கு ஒரு பெயர், நகர்ந்த வழிக்கு ஒரு பெயர். கேட்க அபத்தமாக இருக்கலாம். ஆனால் வேறு வேறு விலங்குகள் ஒரே மாதிரி சுவடு போட முடியும் என்பதால், பெயரைச் செயலுக்கு வைப்பதே நியாயம். ஜெர்மன் தொல்லுயிரியலாளர் அடோல்ஃப் சைலாக்கர் 1953-இல் சுவடுகளை வகைபிரித்தபோதும் அதைத்தான் செய்தார்: ஓய்ந்தது, ஊர்ந்தது, மேய்ந்தது, இரை தேடித் தோண்டியது, குடியிருந்தது என்று வினையை வைத்து.

எலும்பு மட்டும் இருந்து வினையைத் தப்பாக ஊகித்த கதையும் உண்டு. 1923-இல் மங்கோலியாவின் கோபி பாலைவனத்தில் முட்டைக் குவியல் ஒன்றின் மேல் ஒரு டைனோசர் எலும்புக்கூடு கிடைத்தது. முட்டைகள் வேறொரு டைனோசருடையவை என்று முடிவு செய்து, மேலே கிடந்ததற்கு ‘ஓவிராப்டர்’, அதாவது முட்டைத் திருடன் என்று அடுத்த ஆண்டே பெயர் சூட்டிவிட்டார்கள். எழுபது ஆண்டுகள் கழித்து, அதே வகை முட்டை ஒன்றுக்குள் ஓவிராப்டர் குடும்பத்துக் கரு கிடைத்தது. திருட வந்ததாகச் சொல்லப்பட்டது பெரும்பாலும் தன் முட்டைகளோடுதான் இருந்திருக்கிறது. பெயர் வைக்கும் விதிகளின்படி பழைய பெயரை மாற்ற வழியில்லை, பட்டம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

சுவட்டின் பெரிய பலம், அது இடம் மாறாது. எலும்பை ஆறு அடித்துக்கொண்டு போகும். காலடித் தடம் வைத்த இடத்திலேயே இருக்கும். டான்சானியாவின் லயட்டோலியில் எரிமலைச் சாம்பல் மழையில் நனைந்து ஈரமாக இருந்தபோது மனித இனத்தின் மூதாதையர் சிலர் நடந்துபோனார்கள். சாம்பல் இறுகியது, மேலே இன்னும் சாம்பல் விழுந்து மூடியது. சுமார் 36 லட்சம் ஆண்டுகள் கழித்து, 1978-இல் மேரி லீக்கியின் குழு அந்த நடையை அப்படியே கண்டது. பெருவிரல் மற்ற விரல்களோடு சேர்ந்து முன்னோக்கி இருக்கிறது, குதிகால் முதலில் அழுந்தியிருக்கிறது. எலும்புகளை வைத்து நிமிர்ந்து நடந்திருப்பார்கள் என்று வாதாடலாம். இங்கே நடந்தே காட்டியிருக்கிறார்கள். டைனோசர்கள் வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு போகும் பழைய அருங்காட்சியகச் சித்திரத்தைக் கைவிட்டதிலும் சுவடுகளுக்குப் பங்கு உண்டு. தடம் ஆயிரக்கணக்கில் கிடைக்கிறது, வால் இழுத்த கோடு அபூர்வம். தடத்தின் நீளத்தை நான்கால் பெருக்கினால் இடுப்பு உயரம் தோராயமாக வரும். அதோடு ஒரே கால் அடுத்தடுத்துப் பதிந்த தூரத்தையும் சேர்த்து வேகத்தைக் கணக்கிடும் வழியை மெக்நீல் அலெக்சாண்டர் 1976-இல் கொடுத்தார்.

ஓடும் எலும்பும் இல்லாத விலங்குகளுக்குச் சுவடுதான் கதி. மென்மையான புழு செத்தால் அழுகிப் போகும், அது தோண்டிய வளை நிற்கும். பூமியின் கால அட்டவணையில் கேம்பிரியன் என்ற காலம் தொடங்கும் எல்லைக்கோட்டையே ஒரு வளையை வைத்துத்தான் போட்டிருக்கிறார்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில், ‘ட்ரெப்டிக்னஸ் பெடம்’ என்ற கிளைத்த வளை தென்படத் தொடங்கும் அடுக்கு அது. அதன் வயது ஏறக்குறைய 54 கோடி ஆண்டுகள். தோண்டியது புழு போன்ற ஏதோ ஒன்று. அதன் உடல் கிடைக்கவே இல்லை.

பெயரும் வினையும் சேர்ந்தே கிடைப்பது அபூர்வம். ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபென் சுண்ணப்பாறையில் அப்படி ஒன்று இருக்கிறது. சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு குதிரைலாட நண்டு உப்பங்கழியின் அடியில் நடந்து, திரும்பி, தடுமாறி, 9.7 மீட்டர் கோடு போட்டது. கோட்டின் முனையில் நண்டே கிடக்கிறது.

இதற்கு நேர் எதிர் ‘பேலியோடிக்டியான்’. தேன்கூடு போல அறுகோணங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிய வலை. பழைய ஆழ்கடல் பாறைகளில் பல காலங்களில் தென்படுகிறது. அட்லாண்டிக் கடலின் தரையில் இன்றும் அதே வடிவம் இருக்கிறது. நீர்மூழ்கிக் கலத்தில் போய்த் தோண்டி எடுத்தும் பார்த்தார்கள். உள்ளே யாரும் இல்லை. அது ஒரு விலங்கு தோண்டிய வளையா, அல்லது ஒரு விலங்கின் உடலே பதிந்த அச்சா என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. ஆகவே அதைச் சுவட்டுப் படிவம் என்று எழுதலாமா, உடற்படிவம் என்று எழுதலாமா என்று யாராவது கேட்டால், இப்போதைக்குப் புதைபடிவம் என்று மட்டும் எழுதுங்கள் என்பேன்.