ஊர் மாறும் முன் ஒரு செவ்வாய்க்கிழமையை எழுதிப் பாருங்கள்

சில மாதங்களுக்கு முன் ஒரு குடும்பம் என் அறைக்கு வந்திருந்தது. கணவர், மனைவி, 14 வயது மகள், கணவரின் அம்மா. நகரத்தில் இருக்கும் அடுக்குமாடி வீட்டைக் காலி செய்துவிட்டு, நான்கு மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு சின்ன ஊரில் குடியேறலாமா என்பதுதான் பேச்சு. கணவர் தன் போனில் ஒரு வீட்டின் படத்தைக் காட்டினார். வாசலில் பெரிய மரம், நாலு பக்கமும் வெளிச்சம். பாட்டி படத்தைப் பார்த்துச் சிரித்தார். மனைவி படத்தைப் பார்க்கவில்லை, மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

குடும்பநல ஆலோசகராக இருக்கும் எனக்கு இந்தக் கேள்வி இப்போது பழகிப்போன ஒன்று. 2020க்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று நிறைய பேருக்குத் தெரிந்துவிட்டது. அதுவரை "ஓய்வு பெற்றதும் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்ட ஆசையை இப்போதே கையில் எடுக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பெரும்பாலும் ஒரு விடுமுறை நாளை மனதில் வைத்துக்கொண்டே முடிவெடுக்கிறார்கள். அந்த ஊருக்குப் போய் மூன்று நாள் தங்கியிருப்பார்கள். அந்த மூன்று நாளும் வேலை இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. திரும்பி வரும்போது வண்டியிலேயே முடிவாகிவிடும்.

உளவியலாளர்கள் டேவிட் ஷ்கேடும் டேனியல் கானமனும் 1998இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் நல்ல வெயிலும் கடலும் உள்ள கலிஃபோர்னியாவின் தென்பகுதியிலும், குளிர் வாட்டும் மத்திய மேற்குப் பகுதியிலும் படிக்கும் மாணவர்களிடம் வாழ்க்கை எவ்வளவு திருப்தியாக இருக்கிறது என்று கேட்டார்கள். இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு திருப்திதான். ஆனால் "உங்களைப் போன்ற ஒருவர் அந்தப் பக்கம் இருந்தால் எப்படி இருப்பார்?" என்று கேட்டபோது, கலிஃபோர்னியாவில் இருப்பவர்தான் அதிக சந்தோஷமாக இருப்பார் என்று இரு தரப்பும் சொன்னது. இரண்டு இடங்களை ஒப்பிடும்போது கண்ணில் படும் ஒரே ஒரு வித்தியாசத்துக்கு மனம் தேவைக்கு மேல் எடை கொடுத்துவிடுகிறது. போனில் இருந்த அந்த மரமும் அப்படித்தான்.

அதனால் நான் ஒரு வேலை கொடுப்பேன். ஆளுக்கு ஒரு தாள். புது ஊரில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை எழுந்ததிலிருந்து இரவு படுக்கும் வரை, மணி வாரியாக எழுத வேண்டும். ஞாயிறு வேண்டாம், பண்டிகை நாள் வேண்டாம். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக் கூடாது.

கணவரின் தாளில் காலை ஆறரைக்கு நடைப்பயிற்சி, எட்டு மணிக்கு அமைதியாக வேலை, மாலை மரத்தடியில் நாற்காலி. மனைவியின் தாள் வேறு மாதிரி இருந்தது. ஏழே முக்காலுக்கு மகளைப் பள்ளியில் விட வேண்டும். பதினொன்றுக்கு மாமியாரை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டும். மூன்றரைக்கு மறுபடி பள்ளி, ஐந்துக்கு மகளின் வகுப்பு, ஆறரைக்குத் திரும்ப அழைத்துவர வேண்டும். நடுவில் ஓர் இடத்தில் "என் வேலை" என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். நகரத்தில் மகள் மெட்ரோவில் தானே போய் வருகிறாள், பாட்டி கீழே இறங்கினால் மருந்துக்கடை. பொதுப் போக்குவரத்து குறைவான ஊரில் யார் கையில் வண்டிச் சாவி இருக்கிறதோ அவர் வீட்டுக்கே ஓட்டுநர் ஆகிவிடுவார். அது யார் என்று போவதற்கு முன்பே பேசி முடித்த குடும்பங்களை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

மகளின் தாளில் மாலை ஐந்து மணி வரை எழுத்து இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை, வெறும் தாள்.

"மறந்துட்டியாம்மா?" என்று கேட்டார் அப்பா.

"இல்லப்பா. அங்க அஞ்சு மணிக்கு மேல நான் யார்கூட இருப்பேன்னு தெரியல."

அந்த அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பிள்ளைகளைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நான் பெற்றோரிடம் மட்டும் பேசிவிட்டு, "பிள்ளைகள் பழகிக்கொள்வார்கள்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அது தவறு. சின்னக் குழந்தைக்கு அப்பா அம்மா இருக்கும் இடம்தான் வீடு. 13, 14 வயதில் அப்படி இல்லை. நண்பர்கள்தான் அந்த வயதின் பாதி உலகம். உளவியலாளர்கள் ஷிகேஹிரோ ஒய்ஷியும் உல்ரிக் ஷிம்மாக்கும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் தகவலை வைத்துப் பார்த்தார்கள். சிறு வயதில் அடிக்கடி வீடு மாறியவர்களில், அதிகம் பேசிப் பழகாத உள்முக சுபாவம் உள்ளவர்களுக்குப் பெரியவர்களான பிறகும் வாழ்க்கைத் திருப்தி குறைவாக இருந்தது. கலகலப்பாகப் பழகுபவர்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. ஒரே ஒரு முறை ஊர் மாறினால் பிள்ளை பாழாகிவிடும் என்று இதற்குப் பொருள் இல்லை. உங்கள் பிள்ளை எந்த வகை என்பது உங்களுக்குத் தெரியும், அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். போவதையே தடுக்கும் அதிகாரத்தைப் பிள்ளைக்குத் தர வேண்டியதில்லை. எப்போது போவது, எந்தப் பள்ளி, பழைய நண்பர்களைப் பார்க்க மாதம் எத்தனை முறை வருவது, இதிலெல்லாம் அவர்கள் சொல்வதும் முடிவில் இருக்க வேண்டும்.

ஊர் மாறுவது வீடு மாறுவது மட்டுமாக நிற்காது. மனநல மருத்துவர்கள் தாமஸ் ஹோம்ஸும் ரிச்சர்ட் ராஹேவும் 1967இல், வாழ்க்கை மாற்றங்கள் 43ஐப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் தந்தார்கள். துணையை இழப்பதற்கு 100. வீடு மாறுவதற்கு 20தான். அட, இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் கூட்டிப் பாருங்கள். பள்ளி மாற்றம் 20, வாழும் சூழல் மாற்றம் 25, சமூக நடவடிக்கைகளில் மாற்றம் 18, வேறு வகை வேலைக்கு மாறினால் 36, துணை வேலையை விட்டால் 26, பண நிலை மாறினால் 38. எல்லாம் சேர்ந்தால் 183. 150ஐத் தாண்டினால் உடல்நலத்தில் கவனம் வேண்டும் என்பது அந்த அளவுகோலின் கணக்கு. அரை நூற்றாண்டுக்கு முந்தைய கருவி, இதை வைத்து யாருக்கும் நோய் கணிக்க முடியாது. ஆனால் ஒரே வருஷத்தில் எத்தனை மாற்றத்தை வீட்டின் மேல் ஏற்றுகிறோம் என்று பார்க்க உதவும். ஊரை மாற்றுங்கள், ஆனால் அதே ஆறு மாதத்தில் வேலையையும் விட்டு, புதுத் தொழிலும் தொடங்காதீர்கள் என்று நான் கெஞ்சியே சொல்கிறேன்.

வயதானவர்கள் உள்ள வீடு என்றால் மருத்துவமனைத் தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்காதீர்கள், நிமிடத்தில் அளந்து பாருங்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்து வரும் பக்கவாதத்தில், உறைவைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும். அந்த வசதி உள்ள மருத்துவமனை எது, இரவு இரண்டு மணிக்கு அங்கே யார் இருப்பார்கள், ஆம்புலன்ஸ் வர எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு முறை வண்டியில் போய்ப் பாருங்கள். தெரபி போகும் குழந்தை இருந்தால், அந்த ஊரில் தெரபிஸ்ட் இருக்கிறாரா என்பதற்கு "ஆன்லைனில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதில் எப்போதும் போதாது.

வேலை, இணையம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வீட்டிலிருந்து வேலை பார்க்க அலுவலகம் அனுமதித்தால் அதை எழுத்தில் வாங்குங்கள். இணைய வேகத்தை அந்த வீட்டுக்குள்ளேயே, இரவு ஒன்பது மணிக்குச் சோதியுங்கள்.

சில தம்பதியருக்கு உண்மையான கேள்வி ஊரே இல்லை. ஒரு தம்பதி எட்டு மாதமாகச் சின்ன ஊர்களில் வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். பேசிப் பேசிப் பார்த்ததில், கணவர் தினமும் மூன்றரை மணி நேரம் டிராஃபிக்கில் இருக்கிறார், வீட்டுக்கு வரும்போது பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள், அந்த ஆத்திரம்தான் மனைவிக்கு. அவர்கள் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே சின்ன வீடாகப் பார்த்துப் போனார்கள், ஊர் மாறவில்லை. இன்னொரு தம்பதி, வீட்டில் தினமும் நடந்த சண்டைக்கு நகரம்தான் காரணம் என்று நம்பிப் போனார்கள். பேச்சுத் துணைக்கு வேறு ஆளில்லாத இடத்தில் அதே சண்டை இரண்டு மடங்காகி, 14 மாதத்தில் திரும்பி வந்தார்கள். வயதான பெற்றோர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று போன ஒரு குடும்பம், ஆறு வருஷம் கழித்தும் போனது சரிதான் என்கிறது. ஏன் போகிறோம் என்பது அவர்களுக்குப் போவதற்கு முன்பே தெளிவாக இருந்தது.

போவது என்று முடிவானால், முதல் வருஷம் நகரத்து வீட்டை விற்காதீர்கள். முடிந்தால் வாடகைக்கு விட்டுவிட்டு, அங்கும் வாடகைக்கே இருங்கள். திரும்பி வர வழி இருக்கிறது என்று தெரிந்தால் வீட்டில் எல்லோருக்கும் மூச்சு விட முடிகிறது. போன பிறகு யாருக்காவது தூக்கம், பசி கெட்டு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அல்லது பிள்ளை பள்ளிக்குப் போகவே மறுத்தால், "பழகிடும்" என்று காத்திருக்காமல் ஒரு மனநல நிபுணரிடம் காட்டுங்கள்.

அந்தக் குடும்பம் மூன்று முறை வந்தது. இரண்டாம் முறை பாட்டிதான் பேசினார். "எனக்கு மரம் பிடிச்சிருக்குடா. ஆனா நான் தினம் சாயங்காலம் கீழே போய்ப் பேசற நாலு பேரை நீ படத்துல காட்டலையே." மகனுக்கு அந்த நாலு பேரின் பெயர்கூடத் தெரிந்திருக்கவில்லை. மூன்றாம் முறை வருவதற்கு முன், விடுமுறை இல்லாத ஒரு வாரத்தில் அந்த ஊரில் ஐந்து நாள் இருந்துவிட்டு வந்திருந்தார்கள். மனைவி அங்கிருந்தே வேலை பார்த்தார், கணவர்தான் எல்லோருக்கும் வண்டி ஓட்டினார். மகளின் பள்ளியாண்டு முடியும் வரை பொறுத்திருந்து, பிறகு ஒரு வருஷத்துக்கு மட்டும் வாடகை வீட்டில் இருந்து பார்ப்பதாகச் சொன்னார்கள்.

கிளம்பும்போது மகள் தன் பழைய தாளைக் கேட்டு வாங்கினாள். ஐந்து மணிக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் பென்சிலால் எழுதினாள்: "பாட்டியோடு நடக்கப் போவது."

அதற்குக் கீழே இன்னும் ஆறு வரி காலியாகத்தான் இருந்தது. அப்பா அந்தத் தாளை வாங்கி மடித்து, தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.