பப், இன், தவறணை: எதற்கு எது?

நம்மூரில் பப் என்றால் நட்சத்திர ஓட்டலுக்குள் ஓர் இருட்டு ஹால், காது கிழியும் பாட்டு. இங்கிலாந்து கிராமத்துப் பப் வேறு ரகம். ஞாயிறு மதியம் தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளை என்று குடும்பமே சாப்பிட வந்திருக்கும், மேசைக்கடியில் நாய் படுத்திருக்கும்.

'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம்தான் பப், அதாவது யாரும் நுழையக்கூடிய வீடு. ஆனால் முன்பு அங்கே மூன்று வகை இருந்தன. ஏல்ஹவுஸில் பியர் கிடைக்கும், பெரும்பாலும் வீட்டுப் பெண்களே காய்ச்சி விற்றது. டாவர்னில் ஒயின், கொஞ்சம் வசதியானவர்களுக்கு. இன் என்பது வழிப்போக்கருக்கு. படுக்கை, சாப்பாடு, குதிரைக்கு லாயம் எல்லாம் உண்டு, இடம் இருந்து பயணி காசும் கொடுப்பார் என்றால் காரணமில்லாமல் திருப்பி அனுப்பக் கூடாது என்று சட்டமே இருந்தது. பழைய ஆங்கிலத்தில் இன் என்றால் தங்குமிடம், அவ்வளவுதான். வ.வே.சு. ஐயர் பாரிஸ்டருக்குப் படிக்கச் சேர்ந்த 'லிங்கன்ஸ் இன்' என்பதும் அந்தப் பொருளில் வந்த பெயர்தான், குடிக்கப் போன இடமில்லை!

சாமர்செட்டில், நார்ட்டன் செயின்ட் பிலிப் கிராமத்து 'ஜார்ஜ் இன்' நல்ல உதாரணம். ஹின்டன் மடத்துத் துறவிகள் 14ஆம் நூற்றாண்டில், கம்பளிச் சந்தைக்கு வரும் வியாபாரிகள் தங்குவதற்காகக் கட்டியது. (துறவிகளுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்காதீர்கள், அந்தக் கால மடங்களிலேயே பியர் காய்ச்சினார்கள்.) நாட்குறிப்பால் பேர்பெற்ற சாமுவேல் பீப்ஸ் 1668இல் அங்கே சாப்பிட்டிருக்கிறார், 1685இல் மன்னருக்கு எதிராகக் கிளம்பிய மன்மத் கோமகன் படையோடு வந்து தங்கியிருக்கிறார்.

சரி, இவற்றைத் தமிழில் எப்படிச் சொல்வது? இன்னுக்குச் சத்திரம் பொருந்தாது, அது தர்மத்துக்குச் சோறு போட்ட இடம். டாவர்னுக்கு இலங்கைத் தமிழில் 'தவறணை' என்று அதே வேரில், போர்த்துக்கீசியர் வழியாக வந்த சொல் இருக்கிறது, ஆனால் அது கள்ளும் சாராயமும் விற்கும் கடை, அறை கிடையாது. செய்தித்தாள்கள் பாரை 'மதுபான விடுதி' என்று எழுதுகின்றன. படுக்க இடமில்லாத ஒன்று எப்படி விடுதியாகும்? என்னைக் கேட்டால், மதுவிடுதி என்ற சொல்லை இன்னுக்கே கொடுத்துவிடலாம், பாருக்கு மதுக்கூடம் போதும். வெறும் பப்புக்கு? காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில், முற்றத்தில் மீனும் இறைச்சியும் பொரிகிற ஓசையோடு, கள் விற்பதற்கு அடையாளமாக வாசலில் கொடி பறக்க, ஓர் இடம் வருகிறது. அதன் பெயர் 'பலர்புகு மனை'. பப்ளிக் ஹவுஸுக்கு இதைவிடப் பொருத்தமாக யாரும் சொல்லிவிட முடியாது, பேச்சில் நீளம்தான் இடிக்கும். அதனால் பேசும்போது பப் என்றே சொல்லிக்கொள்ளுங்கள்.

அப்புறம் 'கேஸ்ட்ரோபப்'. 1991இல் லண்டனில் திறந்த 'ஈகிள்' என்ற கடையோடு புழக்கத்துக்கு வந்த சொல் அது. சாப்பாட்டுக்குப் பேர்போன பப் என்றால் முடிந்தது, அதற்கெல்லாம் தனிச்சொல் தேட வேண்டாம்.