இரவு எட்டு மணிக்கு என்ன வேகம்?

பென்னாகரம் பக்கத்தில் ஓர் ஊராட்சிக்கு அரசுப் பணத்தில் கண்ணாடி இழை போட்டு, வீட்டுக்கு 25 எம்பிபிஎஸ் (நொடிக்கு 25 மெகாபிட்) இணைய வேகம் தருவதாக ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். சொன்ன வேகம் வருகிறதா என்று எப்படிப் பார்ப்பது? மதியம் மூன்று மணிக்கு ஒருமுறை சோதித்து, 60 வந்தது என்று படம் பிடித்து அனுப்பினால் போதுமா? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. இணைய வேகம் மணிக்கு மணி மாறும்.

ஜிபான் எனப்படும் பரவலான முறையில், ஓர் இழையில் நொடிக்குச் சுமார் 2.5 ஜிகாபிட், அதாவது 2,500 மெகாபிட், வருகிறது. ஸ்பிளிட்டர் என்ற சிறு கருவி அதை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துவிடுகிறது. அதற்கு மேலே, ஊரிலிருந்து தர்மபுரிக்குப் போகும் இணைப்பிலும் பல ஊர்களுக்குப் பங்கு உண்டு. சாயங்காலம் எல்லாரும் வீடியோ பார்க்க உட்கார்ந்ததும் நெரிசல் தொடங்கும். ஆகவே அளக்க வேண்டிய நேரம் அதுதான்.

எங்கே வரை அளக்கிறோம் என்பதும் முக்கியம். சோதனைச் செயலி ஒரு சர்வரோடு ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து, சில நொடிகளில் எத்தனை பிட் வந்தது என்று கணக்கிடுகிறது. அந்த சர்வர் இணையம் தரும் நிறுவனத்தின் சொந்த வலைக்குள்ளேயே இருந்தால், வெளியே உள்ள நெரிசல் கணக்கிலேயே வராது. தாமதத்தையும், அதாவது தரவு சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரத்தையும், பார்க்க வேண்டும். இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடுகிறது. தர்மபுரியிலிருந்து சென்னை சுமார் 300 கி.மீ.; போய்வர 3 மில்லிநொடி (ஒரு நொடியில் ஆயிரம் மில்லிநொடி). இழை சுற்றிப் போகிறது, நடுவில் கருவிகள் இருக்கின்றன, சரி, இன்னும் கொஞ்சம் கூடும். ஆனால் 150 மில்லிநொடி வந்தால் தூரத்தைக் குறை சொல்ல முடியாது. தரவு எங்கோ வரிசையில் காத்து நிற்கிறது.

அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, மானியம் வாங்கும் நிறுவனங்களுக்கு 2018-ல் வகுத்த விதி எனக்குப் பிடித்தது. காலாண்டுக்கு ஒரு வாரம், மாலை 6 முதல் நள்ளிரவு வரை, மணிக்கு ஒருமுறையாவது, வாடிக்கையாளர் வீட்டிலிருந்தே வேகத்தை அளக்க வேண்டும். எந்தெந்த வீடு என்பதை நிறுவனம் முடிவு செய்ய முடியாது, குலுக்கல் மாதிரிதான். அந்த நேரத்தில் வீட்டுக்காரர் இணையத்தைப் பயன்படுத்திக்கொண்டிருந்தால் சோதனை தள்ளிப்போகும். அளவுகளில் 80 சதவீதமாவது, வாக்களித்த வேகத்தின் 80 சதவீதத்தை எட்ட வேண்டும். தாமத அளவுகளில் 95 சதவீதம் 100 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும்.

ஏன் சராசரி கேட்கவில்லை? நம் ஊராட்சி வீடு ஒன்றில் ஒரே இரவில் கிடைத்த ஆறு அளவுகள் 60, 8, 5, 6, 40, 61 என்று கொள்ளுங்கள். சராசரி 30. வாக்களித்ததோ 25; பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் 25-ன் 80 சதவீதமான 20-ஐத் தொட்டவை மூன்றே மூன்று. பிள்ளைகள் படிக்கும் ஏழு முதல் பத்து மணி வரை இணையம் தவழ்ந்திருக்கிறது. சராசரி அதை மறைத்துவிடும், எண்பதுக்கு எண்பது மறைக்காது. எஃப்சிசி விதிப்படி, தேறாத நிறுவனத்துக்குக் குறையின் அளவைப் பொறுத்து 5 முதல் 25 சதவீத மானியம் நிறுத்திவைக்கப்படும்.

இந்தியாவில் 2023 முதல் 2 எம்பிபிஎஸ் இருந்தாலே அது அகலக்கற்றை (பிராட்பேண்ட்). நம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் மைஸ்பீடு என்ற வேகச் சோதனைச் செயலி 2016 முதல் இருக்கிறது. நல்ல முயற்சி, ஆனால் விரும்பியவர் விரும்பிய நேரத்தில் அளப்பது. ஊராட்சிகளை இணையத்தில் இணைக்கும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தில் தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கு இழை கொண்டுபோவது இலக்கு. இத்தனை கி.மீ. இழை, இத்தனை ஊராட்சி என்ற கணக்கோடு, அஞ்செட்டியிலும் சித்தேரியிலும் இரவு எட்டு மணிக்கு என்ன வேகம் என்பதும் ஊர்வாரியாக வெளிவர வேண்டும். பணம் மக்களுடையது.

வீட்டில் நீங்களே பார்ப்பதானால் வைஃபையை நம்பாதீர்கள்; சுவர் தாண்டினாலே வேகம் குறையும். ரவுட்டரில் லேன் கேபிளைச் செருகி, மற்ற கருவிகளை அணைத்துவிட்டு, இரவில் சில நாள் தொடர்ந்து அளந்து, நேரத்தோடு எழுதி வையுங்கள். அப்புறம், 25 மெகாபிட் என்றால் கோப்பு இறங்கும்போது நொடிக்கு 3 மெகாபைட்தான் காட்டும். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்.