டிபி நோயாளிக்கு வரவேண்டிய 6000 ரூபாய் எங்கே நிற்கிறது?

காசநோய்க்கு மருந்து இலவசம். அதோடு, சத்தான சாப்பாட்டுக்காக மத்திய அரசின் நிக்ஷய் போஷண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கணக்கு, ஆறு மாத சிகிச்சைக்கு 6000. 2024 நவம்பருக்கு முன் இது 500. வருமான வரம்பு எதுவும் கிடையாது.

மாதாமாதம் வரும் என்று காத்திருக்காதீர்கள். நோய் உறுதியானதும் 3000, 84 நாள் மருந்து சாப்பிட்டதும் இன்னொரு 3000. முதல் தவணை வரவில்லையா, உடனே கேளுங்கள்.

தனியாரிடம் வைத்தியம் பார்ப்பவருக்கும் இது உண்டு. ஆனால் டாக்டர் உங்கள் பெயரை நிக்ஷய் என்ற அரசின் காசநோய்ப் பதிவுத் தளத்தில் ஏற்றியிருக்க வேண்டும். காசநோயாளி விவரத்தை அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் கட்டாயம். "ஏத்தியாச்சு" என்ற வாய்வார்த்தை போதாது. அந்தப் பதிவுக்கான நிக்ஷய் எண்ணை எழுதி வாங்குங்கள்.

பல நேரம் பணம் வராமல் நிற்பது வங்கிக் கணக்குச் சிக்கலால்தான். எங்கள் தெருவில் சித்தாள் வேலைக்குப் போகும் அக்கா ஒருவர் நான்கு மாதம் அலைந்தார். சுகாதார நிலையத்தில் "அனுப்பிட்டோம், பேங்க்ல கேளுங்க" என்றார்கள். பேங்கில் "எதுவும் வரலையே" என்றார்கள். கடைசியில் பார்த்தால், அவர் கொடுத்த பாஸ்புக்கில் இருந்தது, அவர் வங்கி வேறு வங்கியோடு சேர்வதற்கு முந்தைய ஐஎஃப்எஸ்சி எண் (வங்கிக் கிளையின் குறியீடு). பதிவு செய்த அன்றே யாராவது ஒரு நிமிடம் பார்த்திருந்தால் அத்தனை நாள் கூலி போயிருக்காது. வெகுநாள் பயன்படுத்தாமல் முடங்கிய கணக்கும் இப்படித்தான் காலை வாரும். முதலில் பாஸ்புக்கில் புது என்ட்ரி போட்டுப் பாருங்கள். சொந்தக் கணக்கு இல்லையென்றால் குடும்பத்தார் கணக்கைத் தரலாம்.

அதே அக்கா முதல் வாரமே மாத்திரையை நிறுத்தப் பார்த்தார். சிறுநீர் சிவப்பாகப் போனதை ரத்தம் என்று நினைத்துவிட்டார். அது ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம், பயமில்லை. இதைச் சொல்லித்தான் மாத்திரையைக் கையில் கொடுத்திருக்க வேண்டும். கர்ப்பத்தடை மாத்திரையின் பலனை ரிஃபாம்பிசின் குறைத்துவிடும் என்பதையும் யாரும் சொல்வதில்லை. கால் மரத்துப்போனால் ஐசோனியசிட் என்ற இன்னொரு காசநோய் மருந்து காரணமாக இருக்கலாம். வைட்டமின் பி6 கேளுங்கள்.

கண் மஞ்சளாவது, ஓயாத வாந்தி, பார்வை மங்குவது, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதது: இவை வேறு. அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே டாக்டரைப் பாருங்கள். "திங்கட்கிழமை வாங்க" என்றால் அங்கிருந்து நகராதீர்கள்.

இரண்டு மாதத்தில் பெரும்பாலும் இருமல் நின்றுவிடும். வேகமாகப் பெருகும் கிருமிகள் செத்திருக்கும், மந்தமாகக் கிடப்பவை உள்ளேயே இருக்கும். அதற்குத்தான் மீதி நான்கு மாத மருந்து.

பணமோ மருந்தோ தடைபட்டால் 1800116666, கட்டணமில்லா எண். பேசும்போது நிக்ஷய் எண் கையில் இருக்கட்டும்.